அக்காவின் காதும் பேத்தியின் ஆசையும்

சென்ற மாதம் பள்ளி விடுமுறைக்கு மகளும் பேத்தியும் ஆட்டையாம்பட்டிக்கு வந்திருந்தார்கள். பேத்திக்கு 13 வயது. வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். வகுப்பில் எல்லாரும் இரண்டாவது தோடு போட்டிருக்கிறார்களாம், தனக்கும் காதில் இன்னொரு துளை வேண்டுமாம். அவள் அம்மா சரி என்றாள், பாட்டியும் சரி என்றாள். நான் மட்டும் வேண்டாம் என்றேன்.

"தாத்தாவுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்றாள் பேத்தி.

பயம்தான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அக்காவின் வலது காது.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவர். குழந்தையில் குத்திய காது மடல்களில் ஒரு வம்பும் வரவில்லை. பெரியவளான பிறகு, அந்தக் கால வழக்கப்படி கொப்பு போடுவதற்காக மேல் காதில் குத்தினார்கள். அப்போது அவருக்கு 15 வயது இருக்கும். ஊரில் எல்லா வீட்டுக்கும் காது குத்துகிற பத்தர்தான் வந்து குத்தினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். இடது காது பத்து நாளில் ஆறிவிட்டது. வலது காதும் ஆறியதுபோலத்தான் இருந்தது. இரண்டு மூன்று மாதம் கழித்துத் துளையைச் சுற்றி ஒரு மிளகு அளவு தடிப்பு வந்தது. மிளகு சுண்டைக்காய் ஆனது, சுண்டைக்காய் நெல்லிக்காய் ஆனது. பளபளவென்று, கல்போலக் கெட்டியாக இருக்கும். இரவில் அரிக்கும். அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியாது.

வீட்டில் என்னென்னவோ சொன்னார்கள். கத்திரிக்காயும் கருவாடும் தின்றாள் என்றார்கள். உடம்புச் சூடு என்றார்கள். கடைசியில் பழி பத்தர் தலையில் விழுந்தது. "அவன் கை ராசியில்லாத கை" என்று அம்மா அவரிடம் வேலை கொடுப்பதையே நிறுத்திவிட்டார். எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பத்தர் எங்கள் ஊரில் நூற்றுக்கணக்கான காதுகளைக் குத்தியவர். வேறு எந்தக் காதும் இப்படி ஆனதாக நான் பார்த்ததில்லை. அதை ஒருவரும் யோசிக்கவில்லை, நானும்தான். அந்தப் பழியோடுதான் அவர் போய்ச் சேர்ந்தார்.

பிறகு ஒரு மருத்துவரிடம் காட்டி வெட்டி எடுத்தார்கள். தையல் பிரித்தபோது எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு வருடத்துக்குள் முன்னைவிடப் பெரிதாக வளர்ந்தது. இரண்டாவது முறையும் வெட்டினார்கள், இரண்டாவது முறையும் வளர்ந்தது. பெண் பார்க்க வந்த இரண்டு இடங்கள் காதைப் பார்த்துவிட்டுத் தட்டிப் போயின. அக்காவின் கல்யாணப் படங்கள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில்கூட வலது காது தெரியாது. எல்லாப் படத்திலும் இடது கன்னத்தைக் காட்டித்தான் நிற்பார்.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவன் நான். வருடம் தவறாமல் கரும்பலகையில் டி.என்.ஏ. ஏணியை வரைந்திருக்கிறேன். 1953-இல் வாட்சனும் கிரிக்கும் கண்டுபிடித்தார்கள் என்பேன். ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் எடுத்த எக்ஸ்ரே படம் இல்லாவிட்டால் அவர்களுக்கு அது முடிந்திருக்காது என்று, பாடப் புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொல்வேன். அந்த ஏணிக்கும் அக்காவின் காதுக்கும் சம்பந்தம் உண்டு என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அக்காவுக்கு வந்ததற்குப் பெயர் கெலாய்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர் அலிபேர் வைத்த பெயர். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். புண் இருந்த இடத்தோடு நிற்காமல், பக்கத்து நல்ல தோலுக்குள்ளும் கொடுக்கு நீட்டிப் பரவுவதால் அப்படி. சாதாரணத் தடித்த தழும்பு வேறு. அது காயத்தின் எல்லையைத் தாண்டாது, நாளாக நாளாகச் சற்று அடங்கும். கெலாய்டு தாண்டும், தானாக அடங்குவது அரிது. கறுத்த தோலுள்ளவர்களுக்கு, அதாவது ஆப்பிரிக்கர்களுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும், வெள்ளையர்களைவிட இது அதிகம் வருகிறது. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும்.

தழும்பு எதனால் ஆனது என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில், கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் கட்டி நிறுத்துகிற நார்ப்புரதம். அதன் அமைப்பை உலகத்துக்குச் சொன்னது நம் சென்னை. இதை நம்மவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன், சர் சி.வி. ராமனின் மாணவர். 1952-இல் முப்பது வயதுகூட நிறையாதபோது சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் முதலில் ராமனைத்தான் அழைத்தார் என்றும், ராமன் இவரைக் கைகாட்டினார் என்றும் சொல்வார்கள். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். அது போதுமானதாக இருந்தது. அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோல் பதனிடுகிறவர்களுக்குக் கொலாஜன்தானே மூலப்பொருள்! கங்காருவின் வால் தசைநாணை வைத்து எக்ஸ்ரே படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் விடையை வெளியிட்டார். 1955-இல் அதைத் திருத்திச் செம்மையாக்கினார். விடை இதுதான்: டி.என்.ஏ. இரண்டு இழை முறுக்கு, கொலாஜன் மூன்று இழை முறுக்கு.

நம்மூர்க்காரர்களுக்கு முறுக்கைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் மாவை எடுத்து விரலால் திரித்துத் திரித்துச் சுற்றுகிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் கொலாஜனுக்கு நான் கயிற்றைத்தான் உதாரணம் சொல்வேன். மூன்று புரிகளைச் சேர்த்துத் திரித்த தாம்புக் கயிறு. புரிகள் நெருங்கி உட்கார வேண்டுமானால் நடுவில் இடைஞ்சல் இருக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு புரியிலும் மூன்றாவது மணி தவறாமல் மிகச் சிறிய மணியாக, கிளைசின் என்ற அமினோ அமிலமாக, இருக்கிறது. அந்த வரிசை எங்கே எழுதியிருக்கிறது? டி.என்.ஏ.யில். அங்கே மூன்று எழுத்துச் சேர்ந்தால் ஒரு மணி. கிளைசினுக்கான இடத்தில் ஓர் எழுத்து மாறி வேறு பெரிய மணி வந்து உட்கார்ந்துவிட்டால் கயிறு சரியாகத் திரியாது. தொட்டால் எலும்பு முறிகிற குழந்தைகள் சிலர் பிறப்பது அப்படித்தான். வேறொரு கொலாஜன் மரபணுவில் பிழை வந்தால் தோல் ரப்பர்போல இழுபடும், தழும்பு சிகரெட் தாள்போல மெலிந்து சுருங்கிக் கிடக்கும். தழும்பின் குணத்தை டி.என்.ஏ. தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

கெலாய்டு இதற்கு நேர் எதிர். அங்கே கயிற்றில் குற்றமில்லை, திரிப்பவன் நிறுத்த மாட்டேன் என்கிறான். காயம் பட்டதும் தோலுக்குள் இருக்கும் நார் நூற்கும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. முதலில் அவசரத்துக்கு மெல்லிய கொலாஜன், பிறகு அதை எடுத்துவிட்டுக் கெட்டியானது. நல்ல தோலில் நார்கள் கூடை முடைந்ததுபோலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். தழும்பில் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். நம் பக்கத்துத் தறிக்காரர்கள் மொழியில் சொன்னால், பாவு மட்டும் ஓடி ஊடை விழாத துணி. அதனால்தான் எவ்வளவு நன்றாக ஆறினாலும் தழும்புக்குப் பழைய தோலின் வலிமையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டுக்கு மேல் வருவதில்லை. வேலை முடிந்ததும் செல்கள் அடங்க வேண்டும். கெலாய்டு உள்ளவர்களுக்கு அந்த 'போதும்' என்ற கட்டளை சரியாகப் போய்ச் சேர்வதில்லை.

இது குடும்பங்களில் இறங்கி வருகிறது என்பது வெகுநாளாகத் தெரிந்ததுதான். 2010-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கெலாய்டு உள்ளவர்களின் டி.என்.ஏ.யையும் இல்லாதவர்களின் டி.என்.ஏ.யையும் ஒப்பிட்டு, 1, 3, 15 ஆகிய மூன்று குரோமோசோம்களில் வேறுபாடு இருப்பதைக் காட்டினார்கள். அதற்காக 'கெலாய்டு மரபணு' என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. பல சேர்ந்து செய்கிற வேலை. உங்களுக்கு வருமா வராதா என்று உறுதியாகச் சொல்கிற ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாக யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு கேள்வி என்னை வெகுநாள் குடைந்தது. உடம்பு முழுவதும் ஒரே டி.என்.ஏ.தானே, பிறகு ஏன் காதில் மட்டும்? அக்காவின் உள்ளங்கையில் அரிவாள் பட்ட காயம் ஒன்று இருக்கிறது. உற்றுப் பார்த்தால்தான் கோடு தெரியும். கெலாய்டு காதிலும், நடு நெஞ்சிலும், தோள்பட்டையிலும், தாடையிலும் வரும். கண் இமையிலும் உள்ளங்கையிலும் வருவது மிக அரிது. ஒரு செல்லுக்குள் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ. சுருட்டி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. புத்தகம் ஒன்றே ஆனாலும் எல்லாச் செல்லும் எல்லாப் பக்கத்தையும் திறப்பதில்லை. எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதற்கு டி.என்.ஏ.யின் மேலேயே சின்னச் சின்ன வேதியியல் முத்திரைகள் உண்டு. கெலாய்டில் உள்ள செல்களில் அந்த முத்திரைகள் சாதாரணத் தோல் செல்களில் இருப்பதிலிருந்து மாறி இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதோடு, நெஞ்சிலும் தோளிலும் தோல் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த இழுவிசையும் செல்களைத் தூண்டுகிறது. ஆகப் பிறவியில் வந்தது பாதி, இடமும் காயமும் சேர்த்துக் கொடுப்பது மீதி.

காயத்தைப் பற்றிப் பேசும்போது நம்மூர் அடுப்படியைச் சொல்லாமல் போக முடியாது. முறுக்கு சுடுகிற வீட்டில் எண்ணெய் தெறிக்காத கை கிடையாது. பட்டவுடன் மாவை அப்புவது, பேனா மை ஊற்றுவது, பற்பசை பூசுவது எல்லாம் இன்னும் நடக்கிறது. குழாய்த் தண்ணீரில், ஐஸ் அல்ல, சாதாரணத் தண்ணீரில், முழுதாக 20 நிமிடம் காட்டுங்கள். சூடு தோலுக்குள் ஆழமாக இறங்குவதை அது தடுக்கும். தீக்காயம் ஆற மூன்று வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் தடித்த தழும்பு வரும் வாய்ப்பு மிக அதிகம். மூன்று வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு விரல்கள் ஒட்டிச் சுருண்ட பிறகு சேலம் அரசு மருத்துவமனைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே மருத்துவர்கள் இருக்கிறார்கள், மூன்று வாரம் முன்பே போங்கள். மரபணுவை நாம் மாற்ற முடியாது, ஆனால் புண் எத்தனை நாள் திறந்து கிடக்க வேண்டும் என்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

தழும்பு ஒன்றும் செத்த சதை இல்லை. 1740-இல் கடல் பயணம் புறப்பட்ட ஆங்கிலேயத் தளபதி ஆன்சனின் கப்பலில் ஒரு கிழ மாலுமி இருந்தான். ஐம்பது வருடம் முன்பு போரில் பட்டு ஆறிப்போயிருந்த காயங்கள், ஸ்கர்வி நோய் வந்ததும் புதுப் புண்போலத் திறந்துகொண்டன. வைட்டமின் சி இல்லாவிட்டால் கொலாஜன் முறுக்கு உறுதியாக நிற்காது. தழும்பு நம் ஆயுள் முழுவதும் சத்தமில்லாமல் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால் நெல்லிக்காய் சாப்பிடுங்கள். நெல்லிக்காய் தின்றால் கெலாய்டு கரையும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கொலாஜன் கிரீமையும் விட்டுவிடுங்கள், அவ்வளவு பெரிய மூலக்கூறு தோலைத் தாண்டி உள்ளே போகாது.

நான் இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு இப்போதுதான் வருகிறேன். என் மகளுக்குத் தோளில், பள்ளிப் பருவத்தில் வந்த ஒரு பருவின் இடத்தில், புளியங்கொட்டை அளவு தடிப்பு உண்டு. அதைப் பார்த்துவிட்டு என் அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "உன் பொண்டாட்டி வூட்டு ரத்தம்டா." சொந்த மகளின் காதை இருபது வருடமாகக் கண்ணால் பார்த்தவர்! என் மனைவி அன்று ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்குத் தழும்பு எதுவும் தடிப்பதில்லை, அதனால் எங்கள் வழி என்று எனக்கே தோன்றவில்லை. தனக்கு வெளியே காட்டாமலே ஒருவர் இந்தத் தன்மையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும். என் வழியாகத்தான் அது போயிருக்க வேண்டும். இதை என் மனைவியிடம் சொல்ல எனக்கு இருபத்தைந்து வருடம் ஆயிற்று. "இப்பவாச்சும் சொன்னீங்களே" என்றாள், அவ்வளவுதான்.

பரம்பரை என்ற சொல்லை நாம் எடுப்பதே பெரும்பாலும் யாரையாவது குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குத்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் தழும்பைக் கேட்டால் அது அநியாயம். ஆனால் காது குத்தப் போகிற இடத்தில், அறுவை சிகிச்சைக்குப் போகிற இடத்தில், பச்சை குத்தப் போகிற இடத்தில் அதைக் கேட்காமல் இருப்பதுதான் அநியாயம். பொருத்தம் பார்க்க ஏழு தலைமுறை விசாரிக்கிறோம். காது குத்தும்போது 'வீட்டில் யாருக்காவது தழும்பு வளர்ந்ததா' என்று ஒரு வார்த்தை கேட்பவர் இல்லை. மருத்துவர் கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள். எந்தத் தழும்புக்கிரீமைவிடவும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயன் அதிகம் என்பது என் கட்சி.

வயதும் ஒரு கணக்கு. காது குத்திக் கெலாய்டு வந்தவர்களை வைத்து அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வு, 32 பேர்தான். 11 வயதுக்குப் பிறகு குத்திக்கொண்டவர்களில் 80 விழுக்காட்டினருக்குக் கெலாய்டு வந்திருந்தது, அதற்கு முன் குத்திக்கொண்டவர்களில் 23.5 விழுக்காட்டினருக்குத்தான். ஏற்கெனவே அந்தத் தன்மை உள்ளவர்களைப் பற்றிய கணக்கு இது, எல்லாருக்கும் பொருந்தாது. ஆனாலும் படித்தபோது எனக்கு அக்காவின் காது மடலும் மேல் காதும் நினைவுக்கு வந்தன. குழந்தையாக மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தியது ஆறிவிட்டது, 15 வயதில் குத்தியது வளர்ந்தது. பெரியவர்கள் அறிவியல் தெரிந்து செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வழக்கம் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது.

வந்துவிட்டால் என்ன செய்வது? வெறுமனே வெட்டி எடுத்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது. வெட்டுவதும் ஒரு காயம்தானே! கட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கான் பட்டை, அழுத்தி வைக்கும் கிளிப், குளிரால் உறைய வைப்பது, தேவையானால் வெட்டிய கையோடு கதிர்வீச்சு என்று தோல் மருத்துவர்கள் கையில் பல வழிகள் உள்ளன. அக்காவை நான் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. மாதம் ஒரு ஊசி, பல மாதங்கள். நெல்லிக்காய் புளியங்கொட்டை ஆனது. அரிப்பு பெருமளவு நின்றது. "இத அப்பவே போட்டிருந்தா..." என்று ஒருமுறை ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

பேத்தியிடம் இத்தனையும் சொன்னேன். டி.என்.ஏ. பாடம் அவளுக்கும் இருக்கிறதாம். கேட்டுக்கொண்டாள், ஆனால் முகம் தொங்கித்தான் இருந்தது. அடுத்த நாள் வெண்ணந்தூரிலிருந்து அக்கா வந்தார். விஷயம் கேள்விப்பட்டதும் ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்து, வலது பக்க முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினார். எனக்குத் தெரிந்து அவர் தானாக அதை யாருக்கும் காட்டியதில்லை. பேத்தி கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"வலிக்குதா ஆயா?"

"இல்ல சாமி. மழக் காலத்துல கொஞ்சம் அரிக்கும்."

அன்று சாயங்காலம் இருவரும் கடைத்தெருவுக்குப் போய், துளை இல்லாமல் மாட்டுகிற கிளிப் தோடு இரண்டு ஜோடி வாங்கி வந்தார்கள். ஒரு ஜோடியை அக்கா தனக்காக வாங்கியிருந்தார், இடது காதுக்கு.